ஆறு வயது முதல் நாளா, கடைசி நாளா?

(கோவையில் அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் ஒரு அம்மா மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறார். அது விழித்து அழுதால் எழுந்து வெளியே போய்விடாதீர்கள், அம்மிணி. இங்கேயே இருங்கள். அழுகைச் சத்தத்தோடு பேசிப் பழகியவள் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். நான் பேச வந்ததும் அந்த மடியில் கிடக்கிற வயதைப் பற்றித்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண். அவருடைய பையனுக்கு இரண்டு வயது முடிந்தும் நடை வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தது. அந்தச் சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்த்தார்கள், பொறுமையாகப் பேசினார்கள், அனுப்பினார்கள். என்னிடம் வந்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "எல்லாஞ் சொன்னாங்க டீச்சர். வாரத்துக்கு மூணு நாளு பயிற்சி குடுக்கோணும்னாங்க. எங்க போறது, ஆரு குடுப்பாங்க, எவ்ளோ ஆகும்னு மட்டும் ஆரும் சொல்லலீங்க."

சில வாரம் வந்தார். ஒரு நாள் வந்தால் ஒரு ஷிப்ட் போச்சு. பிறகு வரவில்லை. அந்தப் பையனை நான் மறுபடி பார்த்தது அவனுக்கு ஆறு வயது ஆனபோது. பள்ளிச் சேர்க்கைக் கணக்கெடுப்பில் பெயர் வந்து, இனி அவனுக்குச் சிறப்புக் கல்வி உண்டு என்று சொல்லி அழைத்து வந்தார்கள். கால் தசைகள் இறுகிவிட்டிருந்தன. பசிக்கிறது, வலிக்கிறது என்று கேட்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, தலையைச் சுவரில் முட்டுவது. இரண்டு வயதில் கண்டுபிடித்த பிள்ளை அவன். கண்டுபிடிக்கத் தவறியிருந்தால்கூட மனது ஆறும். கண்டுபிடித்து, எழுதி வைத்து, நான்கு ஆண்டு விட்டோம்.

இது யாரோ ஒரு அதிகாரியின் அலட்சியத்தால் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சட்டம். முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அதன் 25ஆவது பிரிவு, எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதித்து, ஆபத்தில் இருக்கும் குழந்தைகளைக் கண்டறிய வேண்டும் என்கிறது. கவனியுங்கள், 'வேண்டும்'. அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது. எந்த வயதுக்கு? 6 முதல் 18 வரை. இடையில் மறுவாழ்வுச் சேவைகளுக்கு 27ஆவது பிரிவு இருக்கிறது. அது அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற சொற்களோடு வருகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வரைதான். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்வியைப் பற்றி அதில் 11ஆவது பிரிவு பேசுகிறது. அரசு அதற்கு ஏற்பாடு 'செய்யலாம்' என்று பேசுகிறது. தமிழ் படித்த யாருக்கும் 'வேண்டும்' எவ்வளவு, 'லாம்' எவ்வளவு என்று தெரியும். கண்டுபிடிப்பது 'வேண்டும்', கற்றுக்கொடுப்பது 'லாம்'. அந்தப் பையனின் நான்கு ஆண்டுகள் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் போயின.

இந்த ஆறு வயது எங்கிருந்து வந்தது என்று ஒரு காலத்தில் நான் தேடிப் படித்தேன். அரசியலமைப்பை எழுதியவர்கள் இதை வைக்கவில்லை. அவர்கள் எழுதிய 45ஆவது உறுப்பில், 14 வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று இருந்தது. மேல் வரம்பு உண்டு, கீழ் வரம்பு கிடையாது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வியை அடிப்படை உரிமை என்று சொன்னபோதும் 14 வயது வரை என்றுதான் சொன்னது. 2002இல் வந்த 86ஆவது திருத்தம்தான் உரிமையை 6 முதல் 14 என்று வெட்டி, ஆறுக்குக் கீழே உள்ளவர்களை 'முயற்சி செய்ய வேண்டும்' என்ற பட்டியலுக்கு நகர்த்தியது. எல்லாக் குழந்தைகளுக்கும் இதனால் இழப்புதான். ஆனால் நல்ல காதும் நல்ல காலும் உள்ள குழந்தை தெருவில் ஓடியே பாதியைக் கற்றுக்கொள்ளும். அத்தை, அமுச்சி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் அதற்கு ஆசிரியர்கள். காது கேட்காத குழந்தைக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. யாராவது உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டித்தான் ஆக வேண்டும். அப்படி உட்காருகிற ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நான் இன்று பேசுவது அந்தச் சம்பளத்தைப் பற்றி.

இதே ஆறு வயதை மருத்துவத் துறை எப்படிப் பார்க்கிறது என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்காமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசம். பல லட்ச ரூபாய்ச் செலவு. நம் கோவை அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். பிறகு கேட்டல், பேச்சுப் பயிற்சிக்கும் அந்தத் திட்டத்தில் இடமிருக்கிறது. இந்தியாவில் பல மாநிலங்களுக்கு முன்னால் தமிழ்நாடு செய்த காரியம் இது, மனதாரப் பாராட்டுகிறேன். அந்தத் திட்டத்தின் நிபந்தனை என்ன? குழந்தை 6 வயதுக்குள் இருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு மூளை ஒலியைப் பழகிக்கொள்வது கடினமாகிவிடும். ஆக, மருத்துவத்துக்கு ஆறு வயது கடைசி நாள். கல்விச் சட்டத்துக்கு அதே ஆறு வயது முதல் நாள். ஒரே குழந்தை, ஒரே மூளை. இரண்டில் எது சரி என்று எந்தத் தாயையும் கேளுங்கள்.

1975ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. இங்கே உட்கார்ந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களின் பிறந்த நாள் அது என்றே சொல்லலாம். அதே ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி அமெரிக்காவில், குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுச் செலவில் கல்வி என்ற சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையெழுத்திட்டார். இரண்டு மாத இடைவெளி. நாம் எல்லாக் குழந்தைகளின் பசியில் தொடங்கினோம், அவர்கள் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகளின் உரிமையில் தொடங்கினார்கள். அவரவர் நாட்டின் தேவை அது.

11 ஆண்டு கழித்து, 1986இல், அவர்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். 3 முதல் 5 வயது வரை உள்ள குறைபாடுள்ள குழந்தைகள் எல்லாருக்கும் சேவை கொடுக்கும் மாநிலத்துக்கே அதற்கான பணம் என்றார்கள். பிறப்பிலிருந்து மூன்று வயது வரைக்கும் தனியாக ஒரு திட்டம் வந்தது. அங்கேயும் எல்லாம் நிறைவாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை அமெரிக்க ஒன்றிய அரசு தரும் என்று 1975இல் கொடுத்த வாக்கு ஒரு ஆண்டுகூட முழுதாக நிறைவேறவில்லை. ஆனாலும் அங்கே மூன்று வயதுக் குழந்தையின் தாய் பள்ளி அலுவலகத்தில் போய் நின்று, 'இது என் பிள்ளைக்குச் சேர வேண்டியது' என்று கேட்க முடியும். பணம் குறைவு என்பதை அவரிடம் பதிலாகச் சொல்ல முடியாது.

நம் 33 வட்டாரம் வளர்ந்து, இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள். இவ்வளவு பெரிய வலை கையில் இருந்தும், குறைபாடுள்ள குழந்தை அதில் நிற்காமல் நழுவுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6 வயது வரை உள்ள குறைபாடுள்ள குழந்தைகள் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேல். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட இந்தியக் கல்வி அறிக்கை, குறைபாடுள்ள ஐந்து வயதுக் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை என்று சொன்னது.

ஏன் நழுவுகிறது? ஒரு குழந்தைக்கு நான்கு துறைகள். அங்கன்வாடி சமூக நலத் துறையில். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்கிறதே, அது மக்கள் நல்வாழ்வுத் துறையில். மாவட்டத் தலைநகரில் இருக்கும் இடையீட்டுச் சேவை மையமும் அவர்களுடையது. தொண்டு நிறுவனங்கள் மூலம் நடக்கும் ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்களும் அடையாள அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில். வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக் கல்வித் துறையில். ஒவ்வொரு துறையிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், எனக்கு நேரில் தெரியும். ஆனால் குழந்தையை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தூக்கிப் போவது யார்? அம்மா. தன் இடுப்பில். தன் ஷிப்டை விட்டுவிட்டு.

சான்றிதழ் இன்னொரு முடிச்சு. ஒரு வயது முடிந்து ஐந்து வயது வரை குழந்தைக்கு 'வளர்ச்சித் தாமதம்' என்றுதான் எழுதுவார்கள், அதுவும் தற்காலிகமாக. ஐந்துக்குப் பிறகே அறிவுத்திறன் குறைபாடு என்று சான்று. மருத்துவரின் தயக்கம் நியாயமானது. இந்த வயதில் பயிற்சி கிடைத்தால் பிள்ளை எட்டிப் பிடித்துவிடவும் கூடும், அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. ஆனால் பயிற்சி கிடைத்தால்தானே? தாமதம் என்று தெரிந்த அன்றே பயிற்சி தொடங்க வேண்டும். சான்று பின்னால் வரட்டும், வராமலே போகட்டும்.

பணத்துக்கு வருகிறேன். கோவையில் தனியார் மையத்தில் முக்கால் மணி நேரப் பேச்சுப் பயிற்சிக்கோ இயன்முறைப் பயிற்சிக்கோ 500 ரூபாய் என்றே வையுங்கள். அதற்கு மேல் வாங்கும் இடங்கள் பல உண்டு. வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 12 வகுப்பு, 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000. தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை, கிடைக்கும் தகுதி இருந்தால், மாதம் 2,000. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு ஒன்றிய அரசு வகுத்த கணக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். தனியார் விலையில் ஏழு வகுப்பு. ஆண்டுக்கு ஏழு. அந்தத் திட்டம் முன்பருவம் முதல் 12ஆம் வகுப்பு வரை என்று தாளில் சொல்கிறது. அங்கன்வாடியில் இருக்கும் குழந்தை வேறு துறைக் குழந்தை என்பதால் அந்த 3,500 வந்து சேர்வதே அரிது.

அந்தப் பணமும் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. 2024-25ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. பிஎம் ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பது காரணம். அந்தக் கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை இந்த மேடையில் நான் பேசவில்லை. ஆனால் சிறப்புப் பயிற்றுநர்களின் சம்பளமும் அந்தப் பொதியில்தான் இருக்கிறது. எந்தக் கொள்கைக்காகவும் ஒரு குழந்தையின் பேச்சுப் பயிற்சியைப் பணயம் வைப்பது தவறு. அதை நான் தெளிவாகவே சொல்கிறேன்.

நீதிமன்றமும் பள்ளி வாசலில்தான் நிற்கிறது. 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்றது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கணக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

கொங்கு நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கொடுப்பதற்கு நம் மக்களுக்குக் கை நீளம். 1926இல் பீளமேட்டுக் குடும்பம் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம், 1930இல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், 1957இல் அவரே தொடங்கிய பெண்கள் கல்லூரி. அரசு வருவதற்கு முன்னால் இந்த ஊர் தன் பள்ளிகளைத் தானே கட்டிக்கொண்டது. பெரியநாயக்கன்பாளையத்து வித்யாலயத்திலும் அவினாசிலிங்கத்திலும் இன்று சிறப்புக் கல்வி படித்து ஆண்டுதோறும் ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள். ஆளில்லாத ஊர் இல்லை இது.

ஆனால் ஒன்றைப் பல ஆண்டாகப் பார்த்து வருகிறேன். தர்மம் செய்கிறவர்கள் கட்டடம் தருவார்கள், வேன் தருவார்கள், தீபாவளிக்குத் துணி தருவார்கள். பெயர்ப்பலகை வைக்கிற இடமெல்லாம் நிறைந்துவிடும். பன்னிரண்டு மாதச் சம்பளம் தருகிறவர்கள் மிகக் குறைவு. சம்பளம் இல்லாததால் நல்ல இயன்முறைச் சிகிச்சையாளர் ஆறு மாதத்தில் போய்விடுவார், குழந்தை மறுபடி புது முகத்துக்குப் பழக வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் புது முகம் என்றால் என்ன என்று இங்குள்ள பெற்றோருக்குத் தெரியும். பஞ்சு விலை ஏறினால், நூல் ஆர்டர் குறைந்தால் நன்கொடை குறையும். குழந்தைக்கு மூன்று வயது ஒரு முறைதான் வரும், மார்க்கெட் சரியாகும் வரை அது நிற்காது. நிலையான சம்பளம் அரசு ஒன்றால்தான் முடியும். கொடையாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அந்த மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன்.

வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. சென்னையில் 1969 முதல் பால வித்யாலயா, காது கேட்காத குழந்தைகளைக் கைக்குழந்தையாகவே எடுத்துக்கொண்டு, தாய்க்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து, ஐந்து வயதில் சாதாரணப் பள்ளிக்கு அனுப்புகிறது. கட்டணம் இல்லை. 1989 முதல் மதுரம் நாராயணன் மையம் அறிவு வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளுக்கு அதே வேலையை இலவசமாகச் செய்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் கைப்பேசியில் பதிவு செய்வதைத் தொலைவில் இருக்கும் நிபுணர் பார்த்து வழி சொல்கிறார். குழந்தை பஸ் ஏறுவதில்லை, பயிற்சிதான் குழந்தையைத் தேடிப் போகிறது.

இது நம் வால்பாறைக்கு எவ்வளவு பொருந்தும்! எஸ்டேட்டிலிருந்து இறங்க 40 கொண்டை ஊசி வளைவு. கழுத்து நிற்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் வாரம் மூன்று முறை யார் வருவார்கள்? டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இல்லை, நல்லதுதான். மலை இறங்குகிற பயணத்துக்கும் போன கூலிக்கும் அது விடையாகாது. தாளவாடிக்கும் இதே நிலைமைதான், ஆனைமலையின் மலையூர்களுக்கும்தான்.

இப்போது உலக வங்கிக் கடனோடு, 1,700 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில், தமிழ்நாடு 'உரிமைகள்' திட்டத்தை நடத்துகிறது. 'விழுதுகள்' என்ற பெயரில் எல்லாச் சேவையும் ஓரிடத்தில் கிடைக்கும் மையங்களைத் திறக்கிறார்கள். கடன் திட்டம் என்றால் முடிவு தேதி உண்டு, பிறகு என்ன என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் 1980ஐ நினைத்துக்கொள்கிறேன். அப்போதும் உலக வங்கி உதவியோடுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதம் தவறாமல் குழந்தையை எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு. கடன் முடிந்தது, மையங்கள் நிற்கவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு சேர்ந்து தொடர்ந்தன. எடை போடும் பழக்கம் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறது. எடைக்குச் செய்ததை வளர்ச்சிப் படிகளுக்கும் செய்ய முடியும். 2023 நவம்பரில் ஒன்றிய அரசும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது. குழந்தையைக் கண்டறிவது, அங்கன்வாடியிலேயே சேர்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் மேலே அனுப்புவது என்று படிப்படியாகச் சொல்கிறது. வழிமுறை வந்தாயிற்று. ஆள் வரவில்லை. ஏற்கெனவே சமையல், கணக்கு, கைப்பேசிப் பதிவு, தடுப்பூசி நாள் என்று ஓடுகிற அங்கன்வாடி டீச்சர் தலையில் இதையும் கூலியில்லாமல் ஏற்றுவது நியாயமில்லை.

என் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். கோவை மாவட்டத்தில் 12 ஊராட்சி ஒன்றியம். மாநகராட்சிக்கு 5 மண்டலம். வால்பாறை தனி. மொத்தம் 18. ஒவ்வொன்றுக்கும் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே இரண்டு சிறப்பாசிரியர், ஒரு இயன்முறைச் சிகிச்சையாளர். 54 பேர். ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1 கோடியே 94 லட்சத்து 40 ஆயிரம். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு கோடிக்குள். போக்குவரத்தும் கருவிகளும் சேர்த்தால் கூடும், கூடட்டும். இது அரசால் முடியாத தொகை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றி, பிறந்த நாளிலிருந்து ஆறு வயது வரை சேவையை உரிமையாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு தானே கொண்டுவரலாம். மதிய உணவுக்கு நாம் டெல்லியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

அதற்கு முன்னால், இந்த அரங்கில் இருக்கும் ஊராட்சித் தலைவர்களிடமும் கவுன்சிலர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை உங்கள் வார்டு அங்கன்வாடிக்குப் போங்கள். டீச்சரிடம் இரண்டு பதிவேடு இருக்கும். ஒன்று வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு, உங்கள் ஊரில் பிறந்த எல்லாக் குழந்தையின் பெயரும் அதில் இருக்கும். இன்னொன்று வருகைப் பதிவேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பதிவேட்டில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.